மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம்

"இதுக்கு மேல அதுக்கு நான் என்ன செய்ய, டீச்சர்?" என்றார் ஆவுடையப்பன்.

சந்தனமேரி பனங்கிழங்கில் நார் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதுக்கு?"

"ரத்த வங்கிக்கு. எட்டு ப்ராசஸர் கொடுத்திருக்கேன். எல்லாம் ஒரே டிராயர்ல. ரெண்டு அதுக்கே தனின்னு எழுதியும் கொடுத்தாச்சு. எழுதிக் கொடுக்கதுக்கு முன்னால சுமாரா ஓடிச்சு. இப்ப ஓடவே மாட்டேங்கு. நன்றி கெட்ட மெஷின்."

"ம்" என்றார் சந்தனமேரி. கிழங்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

திருநெல்வேலிக்கு வெளியே, நான்குவழிச் சாலையை ஒட்டி அந்தக் கட்டடம். உள்ளே ஒரு மெயின்பிரேம். பீரோ உயரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர். அந்த ஓர் இயந்திரத்துக்குள் பல இயந்திரங்கள் குடியிருந்தன. கையால் தொட முடியாத இயந்திரங்கள். கெஸ்ட் என்பார்கள். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வீடு இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். அப்படி நினைக்க வைப்பதுதான் அங்கே சம்பளம் வாங்குகிறவர்களின் வேலை.

பீரோவுக்குள் டிராயர்கள். டிராயர்களுக்குள் ப்ராசஸர்கள், கணக்குப் போடும் மூளைகள். ஒரே டிராயரில் இருப்பவை அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரி, முணுமுணுத்தாலே கேட்டுவிடும். டிராயர் மாறினால் தெருவைத் தாண்டிக் கூப்பிட வேண்டும். அதனால் ஒவ்வொரு கெஸ்ட்டுக்கும் ஒரு விவரம் எழுதிக் கொடுப்பார்கள். உன் ப்ராசஸர்கள் இந்த டிராயரில், இந்த இடத்தில். இவை பொது. இவை உனக்கே தனி.

கெஸ்ட் அதை நம்பும். நம்பித் தன் வேலைகளை அடுக்கிக்கொள்ளும்.

எழுதிக் கொடுப்பது ஆவுடையப்பன். வேறு வகைக் கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டித் தலை நரைத்தவர். இங்கே புதுசு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

சொல்லிக் கொடுப்பது சந்தனமேரி; அதனால்தான் டீச்சர். வயதில் அவரைவிடச் சின்னவர். அந்த இயந்திரத்தில் எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போயாக வேண்டும். போனால் பதில் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை.

ஆவுடையப்பனின் போன் அடித்தது. கோவில்பட்டிப் பக்கத்து ரத்த வங்கியிலிருந்து செல்வமலர். தினமும் கூப்பிடுகிறவள். அவர் ஸ்பீக்கரில் போட்டார். டீச்சரும் கேட்கட்டும்.

"சார், திரையில வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு சார்."

"பார்த்துக்கிட்டுதாம்மா இருக்கேன்."

"நீங்களும் பாக்கிய, நானும் பாக்கேன். பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் கேக்காவ. எந்த ஊர்ல இருக்குன்னு மெஷின் சொல்லணும். அது சொல்லுததுக்குள்ள நான் தூத்துக்குடிக்கு ஆள் அனுப்பி, அங்க இல்லைன்னு அவன் திரும்பியும் வந்துட்டான்."

"கிடைச்சிட்டா?"

"சாத்தூர்ல கிடைச்சிட்டு. உங்க மெஷின் சொல்லி இல்ல. அடுத்த தடவை கிடைக்காமப் போனா, போன் போட மாட்டேன் சார். நேர்ல வருவேன்."

வைத்துவிட்டாள்.

ஆவுடையப்பன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கை துடைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். எழுதினார்.

*காலை வண்டி. மூன்றாவது வரிசை. ஜன்னல் ஓரம். ஆவுடையப்பனுக்கே தனி.*

கையெழுத்துப் போட்டார். கீழே அலுவலக முத்திரையையும் குத்தினார்.

"இந்தாங்க அண்ணாச்சி. நாளையிலேருந்து வண்டியில இது உங்க இடம்."

"நான் ரத்த வங்கியப் பத்திக் கேட்டேன்."

"நானும் அதுக்குத்தான் பதில் எழுதினேன்."

எரிச்சலாகத்தான் இருந்தது அவருக்கு. ஆனாலும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஊழியர்களை ஏற்றி வரும் வண்டி அது. இடம் கிடைத்தால் உட்காரலாம், கிடைக்காவிட்டால் கம்பி. ஜன்னல் ஓரம் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

மறுநாள் அவர் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினார். வீட்டில் சாப்பிடவில்லை. இட்லியை இலையில் கட்டி, சாம்பாரைத் தனியே பொட்டலம் போட்டு எடுத்துக்கொண்டார். இடம்தான் இருக்கிறதே. உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடலாம்.

வண்டி வந்தது. ஏறினார். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம்.

செக்யூரிட்டி சுடலை உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. கண்ணை மூடியிருந்தார்.

"இது என் இடம்" என்றார் ஆவுடையப்பன்.

சுடலை ஒரு கண்ணைத் திறந்தார். "எப்பலேருந்து?"

தாளை நீட்டினார். சுடலை அதை நிதானமாகப் படித்தார். முத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"டீச்சர் கையெழுத்துதான். ஆனா டீச்சர் ஸ்கூட்டர்ல வார ஆளாச்சே அண்ணாச்சி. வண்டிக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். ஒரு குரல், "அண்ணாச்சி, கடைசி வரிசையில ஒரு இடம் கிடக்கு" என்றது.

"எனக்கு இங்க எழுதியிருக்கு" என்றார் ஆவுடையப்பன்.

சுடலை கண்ணை மூடிக்கொண்டார்.

ஆவுடையப்பன் அங்கேயே நின்றார். விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பொட்டலம், வாயில் நியாயம். டிரைவரைக் கூப்பிட்டுச் சொன்னார். டிரைவர் "எனக்கு யாரும் சொல்லலியே" என்றான். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒருவன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஒரு வேகத்தடையில் சாம்பார் உடைந்தது. சட்டை, தாள், இட்லி எல்லாம் ஒரே நிறம்.

இறங்கியதும் நேரே டீச்சரின் மேசைக்குப் போனார். தாளை வீசினார்.

"பொய் எழுதிக் கொடுத்திருக்கிய."

"நல்ல மனசோடதான் எழுதினேன்."

"டிரைவர்ட்ட சொன்னியளா?"

"இல்லை."

"அங்க உக்காந்திருந்த ஆள்ட்ட?"

"இல்லை."

"பிறகு யார்ட்டதான் சொன்னிய?"

"உங்கள்ட்ட."

ஆவுடையப்பன் தான் வீசிய தாளைப் பார்த்தார்.

"சாப்பிட்டியளா?" என்றார் சந்தனமேரி.

"எங்க சாப்பிட?"

"நேத்து?"

"வீட்லயே சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்."

"எங்க உக்காந்து வந்திய?"

"எங்க இடம் கிடைச்சுதோ அங்க."

"இன்னைக்கு வண்டியில இடமே இல்லையோ?"

அவருக்குக் கடைசி வரிசை கண்முன் வந்தது. காலியாக.

சட்டையைக்கூட மாற்றாமல் தன் இடத்துக்குப் போனார். திரையைத் திறந்தார். இதுவரை அவர் ரத்த வங்கி கெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் பார்த்திருந்தார். இப்போது அந்த இரண்டு ப்ராசஸரில் நிஜமாக உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்தார்.

வீட்டுமனை விற்கும் கம்பெனியின் கெஸ்ட் இருந்தது. கல்யாண மண்டபக்காரர்களின் கெஸ்ட் இருந்தது. இன்னும் யார் யாரோ. அத்தனை பேருக்கும் தனி என்றே எழுதிக் கொடுத்திருந்தது. எழுதிய கை அவருடையதுதான். மேனேஜர் எழுதச் சொன்னார், எழுதினார்.

ரத்த வங்கி பாவம், எழுதியதை நம்பியது. எனக்கே தனியான இரண்டு இருக்கின்றன என்று வேலையை எல்லாம் அந்த இரண்டின் வாசலில் கொண்டுபோய்க் கொட்டியது. உள்ளே எவனோ. அது வாசலிலேயே நின்றது. பக்கத்தில் ஆறு ப்ராசஸர் சும்மா கிடந்தன. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சட்டையில் சாம்பார் காய்ந்து மொரமொரத்தது.

மத்தியானத்துக்குள் முடித்தார். ஒரு டிராயரில் ரத்த வங்கிக்கு இடம் பிடித்தார். அதன் ப்ராசஸர்களை அந்த இடத்தோடு கட்டிப் போட்டார். மற்றவர்களை அந்த இடத்திலிருந்து கிளப்பினார். அதற்குப் பிறகுதான் எழுதினார், தனி என்று. மற்ற எல்லோருக்கும் அந்தச் சொல்லை அழித்துவிட்டுப் பொது என்று எழுதினார்.

போன் அடித்தது. செல்வமலர்.

"என்னம்மா, சுத்துதா?"

"இல்ல சார். நான் குரூப் பேர அடிச்சு முடிக்கலை, வந்துட்டு. அதான் சந்தேகமா இருக்கு. நிஜமாச் சொல்லுதா, சும்மா சொல்லுதா?"

"நிஜமாத்தான் சொல்லுது."

"சரி, அந்த ஊருக்கே போன் போட்டுக் கேட்டுக்கிடுதேன்" என்று வைத்துவிட்டாள்.

மேனேஜர் இன்பராஜ் வந்தார். சென்னைக்காரர். நடக்கும்போதே பேசத் தொடங்குகிறவர்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க? மனை கம்பெனி ஆளு அவன் கெஸ்ட்டுக்குள்ளே போய்ப் பாத்திருக்கான். தனின்னு இருந்த இடத்துல பொதுன்னு இருக்காம். கத்துறான்."

"வேகம் குறைஞ்சிருக்காமா சார்?"

"வேகத்தை யாரு கேட்டா? பழையபடி எழுதுங்க."

"உக்கார வைக்க இடம் இல்லை சார்."

"உக்கார வைக்கச் சொன்னேனா? எழுதத்தானே சொன்னேன்."

ஆவுடையப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தார். இதுநாள் வரை மேனேஜர் முன்னால் மரியாதைக்கு எழுவார். இது வேறு.

"எழுத மாட்டேன்."

"என்ன?"

"எழுத மாட்டேன் சார். நேத்து வரைக்கும் எழுதினேன். ஒவ்வொண்ணும் அதை நம்பி வாசல்ல நின்னுச்சு. இனிமே இடம் இருந்தா எழுதுவேன். இல்லைன்னா இல்லைன்னு எழுதுவேன்."

"மெஷினுக்கு என்னய்யா தெரியும்?"

"எழுதிக் கொடுத்தது மட்டும்தான் தெரியும். அதான் மாட்டேங்கேன்."

இன்பராஜ் திரும்பினார். "மேரி, நீங்க எழுதுங்க."

சந்தனமேரி இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். "கை பூரா நார் சார்."

"கழுவிட்டு வாங்க."

"போகாது சார். பனங்கிழங்கு நார் லேசுல போகாது."

இயந்திரத்தில் கை வைக்கத் தெரிந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். இன்பராஜுக்கு அது தெரியும். குரலை இறக்கினார். ஆவுடையப்பனின் தோளில் கை வைத்தார். சாம்பார் ஒட்டியது. எடுத்துக்கொண்டார்.

"இங்க பாருங்க. உங்க வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை. நாலு வார்த்தைதான். அதை எழுதிடுங்க. இன்னிக்கே உங்களுக்கு நிரந்தரம்னு நான் எழுதித் தர்றேன்."

ஆவுடையப்பன் சிரித்தார். அந்தக் கட்டடத்துக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை.

டீச்சரின் மேசைக்குப் போனார். காலையில் வீசிய தாள் அங்கேயே கிடந்தது. மஞ்சளாக, விறைத்துப்போய். எடுத்து வந்து இன்பராஜின் கையில் வைத்தார்.

"என்ன இது?"

"அதே மாதிரி ஒண்ணு, சார். ஏற்கெனவே வாங்கிட்டேன்."

இன்பராஜ் படித்தார். ஒன்றும் விளங்கவில்லை. முகர்ந்தும் பார்த்தார். பிறகு தாளைக் கசக்கினார்.

"நாளைக்கு நீங்க வர வேண்டாம்" என்றார். போய்விட்டார்.

ஆவுடையப்பன் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். ரத்த வங்கி ஓடிக்கொண்டிருந்தது. மனை கம்பெனியும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கே இடம் கிடைத்ததோ அங்கே.

சந்தனமேரி ஒரு கிழங்கை எடுத்தார். பாதியை ஒடித்து அவரிடம் நீட்டினார்.

"வர வேண்டாம்னுட்டாரே அண்ணாச்சி."

"சொன்னாரு. கேட்டுது."

"அப்ப நாளைக்கு?"

"வருவேன். என் இடத்துல உக்கார வேற ஆள் இல்லையே."

"அதே வண்டியிலயா?"

ஆவுடையப்பன் கிழங்கைக் கடித்தார்.

"வீட்லயே சாப்பிட்டுட்டு."