சடையன் தோளில் ஒட்டிய உப்பு

அந்தக் காலத்தில் காக்கையும் நரியும் மட்டுமா பேசின? மனிதன் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஒவ்வொரு செல்லும் ஓர் ஊர். அந்த ஊர்க் குடிகளுக்குப் புரதங்கள் என்று பெயர். மணிகளைக் கோத்து, முறுக்கி, மடித்துவைத்த உடம்பு அவர்களுக்கு, வாயும் ஓயாது. நம்பாதவர்கள் தங்கள் முதுகில் காதை வைத்துக் கேட்கலாம். கழுத்து சுளுக்கினால் அது அவரவர் பாடு.

வலை இழுக்கும் ஒருவனின் முதுகில் இருந்த ஊரில் மாடப்பன் வாழ்ந்தான். அவனுக்கு ஒரே வேலை, தன் மச்சான் சடையனைப் பிடிப்பது. சடையன் ஊர்க் காவற்காரன். ஊரில் யார் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் ஊர் நடுவே கிடந்த தாய்ச்சரடு என்ற நீண்ட இழையின் முறுக்கில் எழுதியிருந்தது. சடையன் போய் அந்தச் சரட்டைப் பற்றினால் ஊரில் அத்தனை வேலையும் நின்றுவிடும். சும்மா சும்மா அப்படி நின்றால் யார் பிழைப்பது? அதனால் அவன் எழுந்திருக்கும்போதே மாடப்பன் அவன் தோள் மடிப்பில் விரலைக் கொடுத்துக் கவ்வி, இழுத்துப் போய், மணி மணியாகப் பிரித்துப் போட்டுவிடுவான். மறுபடி புதிதாகக் கோப்பார்கள். மறுபடி பிடி.

"நேற்றுத்தானே பிரித்தாய், மாப்பிள்ளை? கழுத்து மணிகூட இன்னும் சரியாக உட்காரவில்லை."

"என்னைக் கூப்பிட்டு வைக்கச் சொல்லி உன்னிடம் யார் அழுதது, மச்சான்?"

அதுவும் உண்மைதான். தன் கை எவ்வளவு கனம் என்று சடையனுக்குத் தெரியும். தன்னைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று மாடப்பனை ஊருக்குள் கொண்டுவந்ததே அவன்தான்.

அது சித்திரை மாதம். மீன் நிறையப் படுகிறதென்று வலைக்காரன் உச்சிவெயிலிலும் கரையை விட்டு அசையவில்லை. வெயில் தோலைத் துளைத்துத் தாய்ச்சரட்டில் இறங்கியது. பட்ட இடமெல்லாம் இழைகள் பொசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஊரோ இரண்டாகப் பிரியப்போகும் நேரம்.

சரட்டைத் தடவிப் பார்க்கும் வேலாயி அலறிக்கொண்டு வந்தாள். மாடப்பன் வழக்கம்போல் சடையன் தோளைக் கவ்வியிருந்தான்.

"அவரை விடு அண்ணே! சரடு பொசுங்கிப் போச்சு."

"விட்டால் ஊரையே மூடிவிடுவான், தாயி."

"இந்த வலைக்காரனோட அப்பன் கழுத்தில் நடந்தது மறந்துபோச்சா? கெட்ட சரட்டோடு ஓர் ஊர் இரண்டாச்சு. பிறந்ததுகளுக்கு நிறுத்தத் தெரியலை. பெருகிப் பெருகிப் புண்ணாகி ஆளையே தின்னுச்சு. ஆள் போனதும் அத்தனை ஊரும் போச்சு!"

மாடப்பன் பிடியை இறுக்கினான். வேலாயி பேச்சை வளர்க்கவில்லை. கையிலிருந்த பாஸ்பேட் உப்பில் ஒரு துளி எடுத்து, சடையன் தோளில், மடிப்பின் வாயிலேயே அப்பிவிட்டாள்.

அவ்வளவுதான். தோள் உருமாறியது. மாடப்பன் விரல் வழுக்கியது. மறு கையால் பிடித்தான், அதுவும் வழுக்கியது.

சடையன் நடந்துபோய்ச் சரட்டைப் பற்றினான். "எல்லாரும் கையை நிறுத்துங்கள்" என்றான். ஊர் பிரிவது நின்றது. சரடு தைக்கிறவர்கள் ஓடிவந்தார்கள். ஓரிடம் தைத்தால் பக்கத்தில் இன்னோரிடம் விட்டுப்போனது. கடைசியில் ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்தார்கள். இனி ஊரை மூடுவது ஒன்றுதான் வழி.

"மச்சான், இது நாம் பிறந்த ஊர்" என்றான் மாடப்பன்.

"பக்கத்தில் இருப்பதெல்லாம் யாரோ பிறந்த ஊர்தானே, மாப்பிள்ளை."

"நீயும் போய்விடுவாயே!"

"நான் போகாத நாள் எது? தினமும் நீதானே அனுப்பிவைத்தாய். இன்றைக்குத்தான் துணைக்கு வருகிறாய்."

மாடப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வழுக்கும் என்று தெரிந்தே, அந்தத் தோளில் கையை வைத்துக்கொண்டான்.

சடையன் சொல்ல, ஊர் தன்னைத் தானே மூடிக்கொண்டது. கூச்சல் இல்லை. சுவர்களைச் சுருட்டி, இருந்ததையெல்லாம் சிறு சிறு மூட்டைகளாகக் கட்டி, பக்கத்து ஊர்க்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்துவிட்டு அடங்கியது. முதுகில் பொசுங்கிய மற்ற ஊர்களிலும் காவற்காரர்களின் தோளில் அன்று உப்பு ஒட்டியது; அந்த ஊர்களும் அடங்கின.

சில நாள் கழித்து வலைக்காரன் முதுகைச் சொறிந்தான். வெங்காயச் சருகுபோல ஒரு தோல் விரலோடு வந்தது. "சனியன்" என்று அதைக் காற்றில் ஊதிவிட்டு, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனான்.

அன்று முதல்தான், கடும் வெயிலில் வெந்த தோல் தானாகவே உரிந்து விழுகிறது.