யானை கிழித்த எல்லைக்கோடு

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் கோபம் அதிகமாகவும் இருந்த நாளில், ஒரு நாட்டில் தீராத காட்டு வழக்கு ஒன்று இருந்தது. மலைக்குடிகள் தேனும் கிழங்கும் எடுத்துப் பிழைக்கும் காட்டை, தேக்கு வெட்டத் தனக்குக் கொடுக்கச் சொல்லிப் பிரதானி அகோரமூர்த்தி நச்சரித்தார். காடு போனால் நாங்கள் எங்கே போவோம் என்று மலைக்குடிகளின் தலைவி நஞ்சி சபைக்கு வந்து வந்து நின்றாள். இரண்டு பக்கமும் கேட்டு ராஜாவுக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் அவர் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உத்தரவு போட்டார்.

"பழைய வழக்கப்படி அரண்மனைப் பெண் யானையை நாளைக் காலை அவிழ்த்துவிடுங்கள். அது சுற்றி வரும் இடத்துக்கு உள்ளே இருப்பது பிரதானிக்கு. வெளியே இருப்பதெல்லாம் மலைக்குடிகளுக்கு. என்னை விடுங்கள்."

பிரதானிக்கு வாயெல்லாம் பல். யானைக்குப் பின்னால் விதூஷகன் மருதவாணன் போகட்டும் என்று அவரே சிபாரிசு செய்தார். தன் யோசனைகளைக் கேட்டுக் கொட்டாவி விடும் ராஜா மருதவாணன் பேச்சுக்குச் சிரிப்பது அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். காடு பறிபோகும்போது சாபமெல்லாம் இவன் தலையில் விழட்டும் என்று நினைத்தார். யானையைத் தொடக் கூடாது, அதட்டக் கூடாது, தீனி கொடுக்கக் கூடாது, மீறினால் சிரச்சேதம் என்று நிபந்தனையும் சேர்த்தார். மருதவாணன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு சம்மதித்தான்.

அன்று மாலையே அவன் காட்டுப் பக்கம் போனான். காட்டைச் சுற்றிலும் கரும்புக் கட்டுகள் கிடந்தன. பிரதானியின் வண்டிகள் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. அந்த யானை கரும்பைக் கண்டால் பாகனையே மறந்துவிடும். நாளை இந்த ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு தெருவில் நிற்கப்போகிறார்கள் என்று நினைத்தபோது மருதவாணனுக்கு அழுகையே வந்தது. இவர்களைத்தான் பிரதானி சபையில் களவாணிகள் என்று சொல்லுவார். அது நினைவுக்கு வந்ததும் மருதவாணனுக்கு வழி தெரிந்துவிட்டது. நேரே நஞ்சியின் குடிசைக்குப் போனான்.

"பிரதானி வீட்டுக் கரும்பு உங்கள் காட்டோரம் கிடக்கிறது, அம்மா. விட்டுவைத்தால் திருட்டுப் பட்டம் கட்டுவார். நாளைக் காலை கொண்டுபோய் அவர் வீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். அவர் அரண்மனைக்குப் போயிருப்பார். ஆளில்லாத வீட்டுக்குள் நுழைவது மரியாதையில்லை. மதிலைச் சுற்றி வரிசையாக வைத்துவிட்டு வாருங்கள்."

நஞ்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஆட்களைக் கூப்பிட்டாள்.

மறுநாள் அவிழ்த்துவிட்ட யானை காட்டுப் பக்கம் நாலடி வைத்தது, துதிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தது, திரும்பியது. நேரே பிரதானியின் மாளிகைக்குப் போய், மதிலோரமாகத் தின்றுகொண்டே ஒரு முழுச் சுற்று வந்து, வாசலில் லத்தியும் போட்டுவிட்டு நின்றது. மருதவாணன் கைகட்டிக்கொண்டு தள்ளியே நின்றதை ஊரே பார்த்தது.

சபையில் பிரதானி கொதித்தார். கரும்பை யாரோ இடம் மாற்றிவிட்டார்கள் என்றார். எந்த இடத்திலிருந்து என்று மருதவாணன் பணிவாகக் கேட்டான். ராஜாவுக்கு மெல்லப் புரிந்தது, மீசை துடித்தது. கடைசியில் அகோரமூர்த்தி, தன் சொந்த வீட்டைத் தனக்கே தானம் கொடுத்ததற்காக ராஜாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து நன்றி சொல்ல வேண்டியதாயிற்று.

வழக்கு தீர்ந்தது என்று ராஜா எழுந்தார்.

"இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது, மகாராஜா," என்றான் மருதவாணன். "வெளியே இருப்பதெல்லாம் மலைக்குடிகளுக்கு என்று தாங்கள் திருவாய் மலர்ந்தீர்கள். தங்கள் அரண்மனையும் வெளியேதான் இருக்கிறது."

முகம் வெளுத்த ராஜா, தீர்ப்புக் கேட்க வந்து நின்ற நஞ்சியைப் பார்த்தார். அவள் தூண்களையும் விதானத்தையும் ஒருமுறை நோட்டம் விட்டாள்.

"இதுல ஒரு தேனீகூட அடை கட்டாது சாமி. நீங்களே இருந்துக்குங்க. எங்களை யாரும் காலி பண்ணச் சொல்லாத வரைக்கும் நாங்களும் உங்களைச் சொல்ல மாட்டோம்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தன் முத்துமாலையைக் கழற்றி மருதவாணன் கழுத்தில் போட்டார். அதற்குப் பிறகு அந்த நாட்டை ஆண்ட ராஜாக்களெல்லாம் மலைக்குடிகளின் தயவில்தான் அரண்மனையில் குடியிருந்தார்கள். காட்டில் ஒரு தேக்கும் விழவில்லை.