பட்டினியோடு வந்த ஆவி

ஆறு வளைந்து ஓடும் ஒரு காட்டில், பிள்ளைகளே, இலவ மரப் பொந்தொன்றில் ஓர் அணில் குடும்பம் வாழ்ந்தது.

ஐப்பசி வெள்ளம் அப்பா அணிலை அடித்துக்கொண்டு போனது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அழுதுகொண்டிருந்த அம்மா அணிலைத் தேடி மறுநாளே அண்டங்காக்கை வந்துவிட்டது. துக்க வீட்டுக்கு அதற்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை.

“செத்தவர்கள் என் வாயால்தான் சாப்பிடுவார்கள். தினமும் இலை போடு. நான் தொட்ட பிறகே உன் பிள்ளைகள் சாப்பிட வேண்டும். மீறினால் மேலுலகத்தில் உன் புருஷன் பட்டினி.”

அம்மா அணில் இலை போட்டது. அத்திப்பழம் வைத்தால் காக்கை முகத்தைத் திருப்பிக்கொண்டது. “அவருக்கு மனக்குறை. பலாக்கொட்டை கேட்கிறார்.” அதையும் வைத்தால் முந்திரிக்கொட்டை கேட்டது. தின்று முடித்ததும், “வயிறாரச் சாப்பிட்டுவிட்டார்” என்று அலகைத் துடைத்துக்கொண்டது. பொந்திலிருந்த சேமிப்பு கரைந்தது. குட்டிகளுக்குத் தோலும் தொலியும்தான் மிஞ்சின. கடைக்குட்டிக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை.

“சாமி, இன்றைக்கு மட்டும் இதற்கு முதலில் ஒரு வாய் கொடுக்கட்டுமா?”

“கொடேன். புருஷன் வாயிலிருந்து பிடுங்கியவள் என்று பேர் வாங்கிக்கொள்.”

அந்த நேரத்தில் மரத்தடியில் ஏதோ நொண்டி நொண்டி வந்தது. அப்பா அணில்! மிதந்த கட்டையொன்றைப் பற்றிக் கரையேறி, காடெல்லாம் நடந்து வந்திருந்தது.

“ஆவி! ஆவி! உள்ளே விடாதே! பிள்ளைகளைக் கொண்டுபோய்விடும்!” என்று காக்கை கத்தியது.

அம்மா அணில் குட்டிகளைப் பின்னால் தள்ளி, வாசலை மறைத்து நின்றது.

“அடியே, ஆவியா இல்லையா என்று அப்புறம் பார்த்துக்கொள். முதலில் தின்ன ஏதாவது கொடு. பசி உயிர் போகிறது.”

அம்மா அணில் அதன் ஒட்டிய வயிற்றைப் பார்த்தது. பிறகு காக்கையின் தொந்தியைப் பார்த்தது.

“ஏன் சாமி, நேற்றுகூட இவர் வயிறார முந்திரி சாப்பிட்டார் என்றீரே. அது எந்த வயிற்றுக்குப் போச்சு?”

“அது... அது மேலுலகத்து வயிறம்மா...”

“அப்படியானால் அந்த வயிற்றோடு நீரே மேலுலகம் போய்ச் சேரும்!”

இலையை வெடுக்கென்று இழுத்து, கடைக்குட்டிக்கு முதல் வாயை ஊட்டியது. அடுத்த வாய் புருஷனுக்கு. காக்கை பறந்த திசையை யாரும் பார்க்கவில்லை.

வாய் நிறைய மென்றபடி கடைக்குட்டி கேட்டது: “அப்பா, செத்துப்போனால் எப்படி இருக்கும்?”

“தெரியாதே கண்ணு. நான்தான் சாகவில்லையே!”

அம்மா அணில் பல நாளைக்குப் பிறகு சிரித்தது.

நீதி: செத்தவர் பசியைப் பற்றிப் பேசுகிறவன் தன் பசியைத்தான் பேசுகிறான், இருக்கிற பிள்ளைக்கு முதலில் சோறு போடு.