நாற்றுக்கு வெயில் காட்டிய மூவர்

கல்லாங்காட்டுப்புதூரில் பொங்கியண்ணன், காளியப்பன், தொட்டமுத்து என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூன்று தலையையும் உடைத்துத் தேடினாலும் ஒரு மூளை தேறாது. எதிர்வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா பழனாத்தாள் தினமும் சோறு போட்டதால் உயிரோடு இருந்தார்கள்.

அவளிடம் ஒரு தினுசுக் கத்தரி விதை இருந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் கிடையாது. அதுவும் கடைசிப் பிடி. அதைப் போய் இந்தத் தடிமாடுகளிடம் கொடுத்தாளே, அவளை என்ன சொல்வது!

"கோழி கெளறாம வீட்டுக்குள்ளயே கொட்டாங்குச்சியில நாத்து வுடுங்க. நாலு எலை வந்ததும் நாளுக்குக் கொஞ்சமா வெயில் காட்டி, அப்பறம் தோட்டத்துல நடுங்க. வேர் மட்டும் அசங்கப்படாது" என்றாள்.

அதிசயம், முளைத்துவிட்டது! நாலு இலையும் வந்தது. மூவரும் கூடி யோசித்தார்கள்.

"கொட்டாங்குச்சியைத் தூக்குனா வேர் அசங்குமேண்ணா?" என்றான் தொட்டமுத்து.

"ஆமாண்டா. நாத்து வெளிய போகப்படாது. வெயிலைத்தான் உள்ள கொண்டாரோணும்" என்றான் பொங்கியண்ணன்.

அன்றே கூரையேறி ஒரு வரிசை ஓட்டைப் பிரித்தார்கள். மறுநாள் இன்னொரு வரிசை. பத்தாம் நாள் கூரையே இல்லை. நாற்று மட்டும் தளதளவென்று நின்றது.

"இனித் தோட்டத்துல நடோணுமே?" என்றான் காளியப்பன்.

"வீட்டையே தோட்டமாக்கிட்டாப் போச்சு. எந்தத் தோட்டத்துலடா நாலு பக்கமும் செவுரு இருக்குது?" என்றான் பொங்கியண்ணன்.

சுவரை இடித்தார்கள். வெள்ளாடு ஒன்று சாவகாசமாக உள்ளே வந்து அத்தனை நாற்றையும் கடித்துத் தின்றது. மூவரும் பக்கத்தில் குந்தி, கண் கொட்டாமல் வேரையே காவல் காத்தார்கள்.

பழனாத்தாள் ஓடி வந்தாள்.

"அக்கா, ஒரு வேர்கூட அசங்குல!" என்றான் பொங்கியண்ணன் பெருமையாக.

போன விதை போனதுதான். அவள் மண்ணில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்து அழுதாள். பிறகு எழுந்து, "இனி எவனாச்சும் எம்பட வாசப்படிய மிதிச்சீங்க, காலை ஒடிச்சுப் போடுவேன்!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் மூன்று வயிறும் கூப்பாடு போட்டது. மறுபடி கூடி யோசித்தார்கள்.

எதிர்வீட்டில் குழம்பு கிண்டிக்கொண்டிருந்த பழனாத்தாளின் தலையில் ஓட்டுத்தூள் கொட்டியது. அண்ணாந்து பார்த்தாள். கூரை ஓட்டை வழியாக மூன்று முகங்கள் தெரிந்தன.

"பயப்படாதக்கா, உன்ற வாசப்படி பக்கமே நாங்க வருல" என்றான் பொங்கியண்ணன். "தட்டை எடுத்து வெய்யி, எறங்கறோம்."