உப்புக் குரல்

வடிவம்மையின் மடத்தில் தியானத்தைத் தவறவிட்டாலும் விடுவார்கள், பலவேசத்தின் சாம்பாரைத் தவறவிட மாட்டார்கள். பாபநாசம் மலையடிவாரத்தில் இருக்கும் சின்ன மடம் அது. வயதில் பலவேசம்தான் பெரியவர், ஆனாலும் அம்மை குரு, அவர் சீடர். கண்ணை மூடி உட்காரச் சொன்னால் குறட்டை விடுவார். கரண்டியைக் கையில் கொடுத்தால் போதும், அவருக்கு அதுவே பூசை.

அந்தப் பௌர்ணமிப் பந்தியில் சாம்பாரை வாயில் வைத்தவர்கள் எல்லாரும் தண்ணீர்ச் செம்பைத் தேடினார்கள். உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. ஆனாலும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள். மரியாதைக்காக இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்ட புண்ணியவானும் உண்டு.

பந்தி முடிந்ததும் பலவேசம் கரண்டியைக் கழுவித் துடைத்து அம்மையின் முன்னால் வைத்தார். தென்காசி டாக்டர் சொன்னதை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னார். மறதி நோய் ஆரம்பித்திருக்கிறதாம். மாத்திரை கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், தீர்த்துவைக்காதாம். நோயைவிட, அடுப்படியை விட்டுப் போகவேண்டுமே என்பதுதான் அவரை வதைத்தது.

“வேற ஆளை வச்சுக்கிடுங்க அம்மா. நான் மாட்டைப் பாத்துக்கிடுதேன்.”

அம்மை கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், அது எப்போதும் தொங்கும் ஆணியிலேயே மாட்டினார். பிறகு மடத்தில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டார்.

நாளையிலிருந்து ஒரு புது வழக்கம் என்றார். யாராயிருந்தாலும் உப்பு ஜாடியில் கை வைக்கும் முன்னால், எதற்கு என்று சேர்த்துச் சொல்லி “உப்பு” என்று உரக்கக் கூவவேண்டும். அந்தப் பதார்த்தத்துக்கு அந்தக் குரலை அன்று முதல் தடவையாகக் கேட்டவர்கள் “போடலாம்” என்று சொல்லவேண்டும். ஏற்கெனவே கேட்டிருந்தால் “போட்டாச்சு.” கிணற்றடி, தொழுவம், தியான மண்டபம் எதற்கும் விலக்கு இல்லை. பலவேசத்தின் பேரை அம்மை எடுக்கவே இல்லை. எதற்கு இதெல்லாம் என்று கேட்ட முன்னாள் தாசில்தார் சொக்கலிங்கத்திடம், சாப்பாடு எல்லாருக்கும்தானே என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

முதலில் மாட்டியவர் அந்தச் சொக்கலிங்கமேதான். மறுநாள் கூட்டுக்கு உப்புப் போட்டுவிட்டு, அரட்டை சுவாரசியத்தில் மறந்துபோய் மறுபடியும் “கூட்டுக்கு உப்பு” என்றார். தொழுவத்திலிருந்தும், கிணற்றடியிலிருந்தும், மண்டபத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்களிடமிருந்தும் ஒரே குரலாக வந்தது, “போட்டாச்சு!” தாசில்தாராக இருந்த காலத்தில்கூட அவருக்கு இத்தனை பேர் ஒன்றாகப் பதில் சொன்னதில்லை. பலவேசம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

அதற்கப்புறம் அவருக்குக் கூச்சம் போய்விட்டது. தனக்கு என்ன வந்திருக்கிறது என்று அவரே எல்லாரிடமும் சொன்னார். சில நாள் ஒரே சாம்பாருக்கு மறுபடி மறுபடி கூவுவார். யாரும் அலுத்துக்கொள்ளாமல் பதில் கொடுப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஜாடியை மூடுவார். சாம்பார் பழையபடி அமிர்தமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் அம்மையும் அவரும் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்கள். பலவேசம் நல்ல உற்சாகத்தில்தான் இருந்தார். இருந்தாலும் மனசுக்குள் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

“உப்புக்குக் குரல் குடுக்க ஆள் இருக்கு அம்மா. ஒருநாள் உங்களையே யாருன்னு தெரியாமப் போயிட்டா என்ன செய்ய?”

“தெரியாதவங்க இங்க தெனமும் வாராங்க அண்ணாச்சி. மொதல்ல சாப்பிட உக்கார வைப்போம். யாரு எவருன்னு பெறவுதான் கேப்போம்.”

“பெறவு கேக்கும்போதும் எனக்குத் தெரியலைன்னா?”

அம்மை கையிலிருந்த அவரைக்காயை உரித்து முடித்துத் தட்டில் போட்டார்.

“அப்ப ராத்திரிச் சாப்பாட்டுக்கும் உக்கார வைப்போம்.”