மருந்துக் கிடங்கின் கதவு

கதவு சாத்திக்கொண்டது. நடந்த தப்பு அவ்வளவுதான். உள்ளே பதினோரு பேர். கூரையில் தொங்கிய வௌவால்களை யார் எண்ணினார்கள்!

நகரத்தின் நட்டநடுவே ஒரு பழைய கோட்டை. வெளியே பஸ் ஹாரனும் பிரியாணிக் கடையும். உள்ளே அகழி, நாலைந்து ஆலமரம், ஒரு வெடிமருந்துக் கிடங்கு. மருந்து தீர்ந்து எத்தனையோ காலம். இப்போது அங்கே குடித்தனம் வௌவால்கள். ஞாயிறு காலையில் பூரணி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மரம், பறவை, பூச்சி என்று காட்டுவாள். அவளுக்கு அது பிழைப்பு. பித்தும் அதுதான்.

கிடங்கின் தேக்குக் கதவைச் செப்பனிட்டு மாட்டி ஆறு மாதம்கூட ஆகவில்லை. கதவில் கீறல் விழாது, வௌவால் கலையாது என்று கோட்டை அலுவலகத்தில் வாக்குக் கொடுத்துத்தான் பூரணி சாவி வாங்கியிருந்தாள். வாக்குத் தவறினால் ஞாயிற்றுக்கிழமை நடை அன்றோடு சரி. அதுவும் குட்டி போட்டிருக்கும் காலம். தாய் மிரண்டு பறந்தால் மாரைக் கவ்விய குட்டி தரையில் விழும். விழுந்தது பிழைக்காது.

"பேச்சு கூடாது. போன் வெளிச்சம் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பூட்டைக் கழற்றினாள். பூட்டையும் சாவியையும் பைக்குள் போட்டாள். தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் நுழைந்தாள். தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு அது. நசுங்கிய தண்ணீர் பாட்டில் ஒன்றை அடியில் செருகி நிறுத்தினாள். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அவளுடைய நடையில் இன்னொரு சட்டமும் உண்டு: கண்ணில் படும் குப்பையை எடு, பையில் போடு.

கடைசியாக நுழைந்த ஜைத்தூன் சட்டத்தை மதிக்கிறவள். குனிந்தாள். எடுத்தாள். போட்டாள்.

இருட்டு.

பூரணியின் கையில் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் ஒன்றுதான். அந்த மங்கலில் எல்லோரும் கதவுக்கு ஓடினார்கள். உள்பக்கம் கைப்பிடி கிடையாது. வெடிமருந்துக்கு எதற்குக் கைப்பிடி? நாலு முழக் கனமுள்ள சுவருக்குள் போனில் டவரும் எடுக்கவில்லை. நடை முடியும் நேரத்துக்குக் காவலாளி வருவார். அதற்கு இன்னும் ஒரு மணி நேரம்.

"ஒரு மணி நேரந்தானே, உக்காருங்க" என்றாள் பூரணி.

உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் மரியசூசைக்கு இளைப்பு உண்டு. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். வௌவால் எச்சத்தின் நெடி நெஞ்சில் ஏறிவிட்டது. மூச்சுக்குழலில் விசில் ஊதியது. இழுக்கும் மருந்து காரில்.

"இவரால முடியல மேடம்" என்றாள் அவர் மனைவி பிலோமினா.

"சத்தம் போடாதீங்கம்மா. மேலே குட்டிங்க இருக்கு."

"குட்டியா? எனக்கு இருக்கறது ஒரே புருஷன்!"

ஜிம் நடத்தும் தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை. "நகருங்க சார். கதவா, மனுஷனா?" என்று தோளால் இடித்தார். தேக்கு அசையவில்லை. மறுபடி இடித்தார். பின்னாலிருந்தவர்களும் கைகொடுத்தார்கள். கூட்டம் முழுக்கக் கதவில் சாய்ந்தது.

பூரணி அவர் கையைப் பிடித்தாள். இவரை விட்டால் கதவு போகும். பிடித்தால் அங்கே ஒரு மனிதர் போவார். பிடித்த கை தளர்ந்தது, விடவும் மனமில்லை.

அதற்குள் பிலோமினா போன் வெளிச்சத்தைப் போட்டு, "யாராவது இருக்கீங்களா!" என்று அலறினாள். கூரை பிய்ந்து இறங்கியது போல் இறக்கைகள். முகத்தில், முடியில், கழுத்தில். எதுவோ பூரணியின் காலடியில் பொத்தென்று விழுந்தது. குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

மரியசூசையின் உதடு கறுத்துவிட்டது.

ஜைத்தூன் இடிக்கவுமில்லை, அலறவுமில்லை. கால்களுக்கு நடுவே மண்டியிட்டுக் கதவடியைத் தடவினாள். படிக்கல் நடுவில் தேய்ந்து, நாலு விரல் நுழையும் குழி இருந்தது.

"எல்லாரும் பின்னால போங்க" என்றாள்.

"பாட்டிலை எடுத்த புண்ணியவதி நீதானே? இப்ப உத்தரவு வேறயா?" என்றார் தணிகாசலம். யாரோ அந்த நேரத்திலும் சிரித்தார்கள். ஒருவரும் நகரவில்லை.

கதை இங்கே நிற்கிறது. பூரணி கொடுத்த வாக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கச் சொன்னாள். தணிகாசலம் கதவை உடைக்கப் பார்த்தார். பிலோமினா வெளிச்சம் போட்டு ஆளைக் கூப்பிட்டாள். ஜைத்தூன் பின்னால் போகச் சொன்னாள். இதில் யார் செய்தது சரி? மோவாயைத் தடவிக்கொண்டிருக்க வேண்டாம். மரியசூசைக்கு அவ்வளவு மூச்சு இல்லை.

விடை: வாக்கு பெரிதுதான், ஆனால் போகிற மூச்சு ஒரு மணி நேரம் காத்திருக்காது. ஆகவே பூரணி இல்லை. பிலோமினாவைக் குறை சொல்ல எந்த வாய்க்கும் உரிமையில்லை. ஆனாலும் அந்தச் சுவரைத் தாண்டி அவள் குரல் போகவில்லை, ஒரு குட்டிதான் போயிற்று. தணிகாசலம் செய்ததுதான் பெரிய வில்லங்கம். பூட்டு பூரணியின் பையில். கதவு பூட்டியிருக்கவே இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வந்த கதவை, உள்ளேயிருந்து இழுத்தால்தான் திறக்கும். அவர் இடித்த ஒவ்வொரு இடியும் அதை நிலையில் இறுக்கியது. இழுக்க ஒரு பிடியும், கதவு உள்ளே வர இடமும் வேண்டியிருந்தது. கடைசியில் பூரணிதான், "அவங்க சொல்றதக் கேளுங்க!" என்று கத்தினாள். வௌவாலுக்காகக்கூட அவள் அன்று அப்படிக் கத்தவில்லை. கூட்டம் பின்வாங்கியது. குழிக்குள் விரல் விட்டு, நகம் பிய்ய இழுத்து, கதவைத் திறந்து மரியசூசையைக் காற்றுக்குக் கொண்டு வந்தவள் ஜைத்தூன்.