திராவகம் பட்ட கை

மலையடிவாரத்தில் மருந்து காய்ச்சும் மடம் ஒன்று இருந்தது. அதன் தலைவி செங்கமலத்தம்மை. சீடர்களில் பலர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். தணிகாசலமும் விருத்தகிரியும் அவர்களில் இருவர்.

ஒரு காலையில் தணிகாசலம் அம்மையின் முன் வந்து நின்றார்.

"பந்தியில விருத்தகிரி என்னைப் பத்திச் சொன்னதைக் கேள்விப்பட்டீங்களா அம்மா?"

"கேள்விப்பட்டேன்."

"சாகக் கிடந்த தம்பியை விட்டுட்டு ஓடி வந்தவன்னு சொல்லியிருக்கார். அத்தனை பேர் முன்னாடி."

"பொய்யா?"



"பொய்யில்லை. ஆனா அவருக்கும் ஒண்ணு இருக்கு. சம்சாரம் செத்துட்டதா சொல்லித்தான் இங்க சேர்ந்தார். அந்த அம்மா உயிரோட இருக்காங்க. எங்க ஊர்லதான் இட்லி வித்துப் பிழைக்கறாங்க. இன்னைக்குப் பந்தியில நான் அதைச் சொல்லிட்டா ரெண்டும் சமமாயிடும். சொல்லலாமா?"

அம்மை பதில் சொல்வதற்குள் காய்ச்சும் கொட்டகையிலிருந்து அலறல் கேட்டது.

திராவக ஜாடியைத் தூக்கும்போது விருத்தகிரிக்குக் கை வழுக்கிவிட்டது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. துணியில் பட்டால் பொத்தலாக்கிவிடும் கடுமையான அமிலம் அது.

முதலில் ஓடியவர் தணிகாசலம்தான். திராவகத்தை முறிக்கச் சுண்ணாம்பு என்பது மடத்தில் எல்லோருக்கும் தெரியும். மூலையில் இருந்த சுண்ணாம்புக் கரைசல் சட்டியைத் தூக்கினார்.

அம்மை அவர் கையைப் பிடித்தார்.

"வேண்டாம். தண்ணி."

"தண்ணி இதை முறிக்காது அம்மா."

"ஊத்துங்க."

தணிகாசலம் தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினார். போதும் என்று அவர் நிறுத்தியபோதெல்லாம் அம்மை, "இன்னும்" என்றார். விருத்தகிரி பல்லைக் கடித்துக்கொண்டு தணிகாசலத்தின் தோளைப் பற்றியிருந்தார். வெயில் ஏறும்வரை ஊற்றினார்கள். தோல் சிவந்து அங்கங்கே கொப்பளித்திருந்தது. கை தப்பியது.

விருத்தகிரியைப் படுக்க வைத்துவிட்டுத் திரும்பி வந்தார் தணிகாசலம்.

"அமிலத்தைக் காரம் அடக்கும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? அப்புறம் ஏன் தடுத்தீங்க?"

ஜாடியின் அடியில் கொஞ்சம் திராவகம் மிஞ்சியிருந்தது. அம்மை அதை ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றினார். அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும் சங்குப்பூ நீரை அதில் சில சொட்டு விட்டார். கிண்ணம் சிவந்தது. அதைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார்.

"இப்ப அடக்குங்க."

தணிகாசலம் இடது கையில் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, சுண்ணாம்புக் கரைசலைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். சீறியது. ஆவி எழுந்தது. சிவப்பு ஊதாவானது. ஊதா மெல்ல நீலமானது. இன்னும் விட்டால் பச்சைக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அத்தோடு நிறுத்திக் கிண்ணத்தை அவசரமாகக் கீழே வைத்தார். விரல்களை உதறினார்.

"நீலம். அமிலமும் இல்லை, காரமும் இல்லை. சரியா சமமாயிடுச்சு அம்மா."

"ஏன் கீழ வெச்சீங்க?"

"சுடுது."

"சமமாயிடுச்சுன்னீங்களே."

"ஆயிடுச்சு. ஆனா ரெண்டும் சேரும்போது கொதிக்குதே."

"கிண்ணத்தை நீங்க கீழ வெச்சுட்டீங்க," என்றார் அம்மை. "கையை அவர் எங்க வைப்பார்?"

அன்று பந்தியில் தணிகாசலம் விருத்தகிரியின் சம்சாரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.